சங்கிலியின் சோற்றுப் பார்சல்

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம். அங்கே மூட்டை தூக்குவதும் நிறுப்பதும் சங்கிலியின் வேலை. ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு. ஆனால் நெல்மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டால் எருமை கூட வழிவிட்டு நிற்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் உடுத்த துணியோடு மனைவி வீரம்மாவையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார், கச்சான் கடலை போட்டார், கொட்டில் கட்டினார். கொட்டிலுக்குக் கூரை போட்ட அடுத்த மாரியில் வீரம்மா மலேரியாவில் போனாள். அந்த ஒரே மகளும் தொண்ணூறாம் ஆண்டு புருஷனோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனாள். இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடமாகச் சங்கிலி ஒரு சுண்டு அரிசியைத் தனக்கென்று போட்டு, தானே வடித்து, தானே தின்று வருகிறார்.

சமையலில் அவர் கெட்டிக்காரர் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிவதற்கு ஒருவரும் அவர் வீட்டில் கை நனைத்ததில்லை. வன்னிச் சனம் நல்ல சனம்தான், அதை நான் மறுக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தவனுக்கு வளவில் பாதியைக் கொடுக்கும். ஆனால் மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் ‘தோட்டக்காட்டார்’ என்று ஒரு சொல்லை வைத்திருந்தது. அதை முகத்துக்கு நேரே சொல்லாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆடி மாதத்து முதற் சனிக்கிழமை கூட்டுறவு தினம். வேறு வருடங்களில் கொடியேற்றிப் பேச்சோடு முடித்துவிடுவார்கள். அந்த வருடம் முகாமையாளர் அப்புத்துரைக்கு ஒரு யோசனை வந்தது. நாயாற்றுக்கு இங்காலே கரைவலை இழுப்பவர்கள், வலையில் மீனைவிடக் குப்பைதான் கூட வருகிறதென்று சங்கத்தில் வந்து முறையிட்டிருந்தார்கள். போத்தல், அறுந்த வலை, உடைந்த பிளாஸ்டிக் கான், பைகள். அதற்கு மேலே, தூரத்தில் போகிற கப்பல்கள் கழித்துவிட்ட எண்ணெய் கறுப்புக் கறுப்பாய்த் திரண்டு கரையெல்லாம் கிடந்தது. சங்கத்தார் பதினாறு பேரும் போய் ஒரு நாள் சிரமதானமாகக் கரையைத் துப்புரவாக்குவதென்று முடிவாயிற்று.

சிரமதானம் என்றால் மத்தியானம் குழையல் சோறு. ஆளுக்கொரு பார்சல் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒரே கிடாரத்தில் கொட்டிக் குழைத்து, உருண்டை உருண்டையாகக் கையில் கொடுப்பார்கள். யாருடைய சோறு யாருடைய வயிற்றில் என்று கடவுளுக்கும் தெரியாது. முன்பு சங்கத்தார் கோயில்களுக்குப் போன பயணங்களில் சங்கிலியைச் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சாமான்களுக்குக் காவல் வைத்துவிடுவார்கள். அவர் பாணும் பழமும் தின்றுவிட்டு வருவார்.

இந்த முறை, வியாழக்கிழமை, காசாளர் கமலாட்சி அவரிடம் வந்தாள். முப்பத்தைந்து வயது. கிடாரத்தில் கை வைத்துக் குழைப்பது எப்போதும் அவள்தான்.

“அண்ணை, சனிக்கிழமை நீங்களும் ஒரு பார்சல் கொண்டு வாங்கோ.”

“என்னோடதுமா?”

“ஓம், உங்கடதும்தான். எல்லாத்தையும் போட்டுத்தானே குழைக்கிறது.”

சங்கிலி தலையை ஆட்டினார். அன்று பின்னேரம் அரிசி மூட்டையைச் சீனி மூட்டைக்கு மேல் அடுக்கி ஏச்சு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் கடைக்குப் போய்த் தேங்காய், உள்ளி, நல்ல கத்தரிக்காய் வாங்கினார். சனி விடிவதற்கு முன்னே எழும்பிச் சமையல். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அதோடு ஒரு துவையல். தேங்காயையும் உள்ளியையும் செத்தல் மிளகாயையும் கறுகாமல் வறுத்து, புளி வைத்து அம்மியில் அரைப்பது. கொழுந்து பறிக்கப் போகும்போது அவருடைய அம்மா கட்டிக்கொண்டு போனது அது. வன்னியில் அப்படி ஒருவரும் அரைப்பதில்லை. தன் சோறு கிடாரத்தில் கலந்தாலும் இந்த ருசி ஒரு வாயிலாவது தனியே தெரியும் என்று நினைத்தார். யாராவது ‘இது ஆருடைய துவையல்?’ என்று கேட்டால் என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தார். வாட்டிய வாழையிலையில் மடித்து, சீமெந்துப் பையைக் கிழித்து மேலே சுற்றி, வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்.

டிராக்டர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கிக் கரைக்குப் போய்ச் சேர மூன்று மணித்தியாலம். பார்சலைக் கமலாட்சி கைநீட்டி வாங்கினாள். சங்கிலிக்கு அது போதும் போல இருந்தது.

முகாமையாளர் வெயிலில் நின்று பேசினார். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சும்மாவே சொன்னவை? நாங்கள் பதினாறு பேரும் ஒரு கை. இந்தக் கரை எங்களுக்கு என்ன பெரிசு?” எல்லோரும் கைதட்டினார்கள். காலுக்குக் கீழே அடம்பன் கொடி மணலெங்கும் படர்ந்துதான் கிடந்தது. பேசி முடிந்ததும் அந்த ஒரு கையின் ஐந்து விரலும் ஐந்து பக்கம் போயின. பெண்கள் போத்தல் பொறுக்கினார்கள், கிளாக்கர்மார் வலைத்துண்டு இழுத்தார்கள். கழிவெண்ணெய்த் திரளைத் தொட ஒருவரும் விரும்பவில்லை. “அது சங்கிலி செய்யும்” என்றார் முகாமையாளர்.

சங்கிலி செய்தார். குனிந்து, சுரண்டி, சாக்கில் போட்டு, குப்பை புதைப்பதற்குத் தானே மணலில் வெட்டிய கிடங்குக்குச் சுமந்தார். வெயில் ஏற ஏற அது கூழாகிக் கையில் ஒட்டியது. பத்து மணிபோல் நிமிர்ந்தபோது, மூத்த கிளாக்கர் சிவலட்சுமி கமலாட்சியைக் கையில் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போவதைக் கண்டார். சிவலட்சுமி என்னவோ சொல்ல, கமலாட்சி தலை குனிந்து நின்றாள். உப்புக் கொண்டுவர மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சங்கிலி நினைத்தார்.

மத்தியானம் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் அவரைக் காவலுக்கு அனுப்பவில்லை. கமலாட்சி பூவரசம் இலையில் உருண்டையை வைத்துக் கொடுத்தாள். நல்ல சோறுதான். பூசணிக்காய் இருந்தது, பயிற்றங்காய் இருந்தது, யாரோ பொரித்த வாழைக்காயும் இருந்தது. சங்கிலி மெதுவாக மென்றார். இரண்டாவது உருண்டையும் வாங்கினார். மூன்றாவதும் வாங்கினார். வறுத்த உள்ளி எங்கேயும் தட்டுப்படவில்லை. பதினாறு பேருடைய சோற்றில் ஒரு கை துவையல் எம்மாத்திரம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். 

சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் கடலில் இறங்கினார்கள். சங்கிலி கிடங்கை மூடப் போனார். களஞ்சியக்காரன் சஜீவன் கடைசிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கொட்டினான். போத்தல்களோடு ஒரு சீமெந்துப் பைப் பொட்டலமும் உருண்டு விழுந்தது. குறுக்கும் நெடுக்குமாக வாழைநார். முடிச்சுக்கூட அவிழவில்லை.

“இது எங்க கிடந்தது தம்பி?”

“அதோ, அந்த அடம்பன் கொடிக்குக் கீழ. ஆரோ ஒளிச்சு வச்ச மாதிரிக் கிடந்தது. குப்பையெண்டு அள்ளிப்போட்டன். ஏன்?”

“ஒண்ணுமில்ல. நீ போய்க் குளி.”

சஜீவன் மேல் பிழையில்லை. அவன் கரையைத் துப்புரவாக்க வந்தவன், துப்புரவாக்கினான். சிவலட்சுமியை மீறிக் கிடாரத்தில் போடவும் துணிவில்லாமல், திருப்பிக் கொடுக்கவும் முகமில்லாமல் கமலாட்சி ஒளித்து வைத்தது அது.  சங்கிலி மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிடங்கு ஓரத்தில் உட்கார்ந்து பார்சலை அவிழ்த்தார். சோற்றை மண்ணில் புதைக்க அவருக்குக் கை வரவில்லை. வயிறு நிறைந்திருந்தும் ஒரு பருக்கை விடாமல் தின்றார். குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே தின்றார். உப்பு அளவாக இருந்தது. கத்தரிக்காய் பதமாக இருந்தது. துவையல் அம்மா அரைத்ததைப் போலவே இருந்தது. சோற்றில் குறையில்லை என்று தெரிந்ததும்தான் அவருக்கு அழுகை வந்தது. கடற்பக்கமிருந்து மற்றவர்கள் ஆளையாள் தண்ணீர் அடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

முகத்தைக் கழுவி, கிடங்கை மூடி, மேலே ஏறி மிதித்து மட்டமாக்கினார். கரை அன்று உண்மையிலேயே அழகாக இருந்தது.

திரும்பும்போது டிராக்டர் பெட்டியில் கமலாட்சி அவருக்கு எதிரே இருந்தாள். கிடாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அண்ணை, உங்கட சோத்தையும் போட்டுத்தான் குழைச்சனான். எப்பிடி இருந்தது?”

பக்கத்தில் சிவலட்சுமி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கிலி ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேருக்கு நடுவில் கமலாட்சியின் முகம் செத்துப்போகும். சொல்வதற்கு அவருக்கு நியாயமும் இருந்தது. ஆனால் அந்தச் சங்கத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் வெறும் சங்கிலி. அண்ணை என்று கூப்பிட இந்த ஒருத்திதான் இருந்தாள். திங்கட்கிழமை காலையும் அவள் அப்படிக் கூப்பிடவேண்டும்.

“நல்லாயிருந்திச்சும்மா” என்றார் சங்கிலி. “நானும் மூணு உருண்டை தின்னேன்.”