மருமகனுக்கு அனுப்பிய பாதிப் படம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஒரு படம் பார்த்தேன். தமிழில் டப் பண்ணிய வெளிநாட்டுப் படம். சரியாகச் சொன்னால், பாதிப் படம்.

ஓர் ஏழை மனிதன் கொஞ்ச விறகில் நிறையச் சூடு தரும் அடுப்பொன்றைக் கண்டுபிடிக்கப் பாடுபடுகிறான். அதற்காக நல்ல வேலையை விடுகிறான். அடுப்பு வெடிக்கிறது. கூரை எரிகிறது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவன் மழையில் தனியே நிற்கிறான்...

அத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்கப் பயம். கிரிக்கெட்டிலும் நான் இப்படித்தான் — மூன்று விக்கெட் விழுந்தால் டிவியை அணைத்துவிட்டு வெளியே வளவுக்குள் போய் நிற்பேன்.

ஆனாலும் படம் பிடித்திருந்தது. ஏன் தெரியுமா? எங்கள் வீட்டிலும் ஒரு கண்டுபிடிப்பாளர் இருக்கிறார். என் மருமகன்.

அவருக்கு அரசாங்க அலுவலகத்தில் நிரந்தர உத்தியோகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் குந்தியவன் நான். ‘பென்ஷன்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு குளிரும். அந்தச் சொல்லுக்காகவே மகளை அவருக்குக் கட்டிக் கொடுத்தேன் என்றாலும் பொய்யில்லை.

அவரோ பழைய வாஷிங் மெஷின் ஒன்றைக் கழற்றி, மீனுக்குச் செதில் எடுக்கும் மெஷினாக்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே மீனைப் போட்டுச் சுழற்றினால் செதில் போய்விடும். சில நாள் செதில் மட்டும் போகும். சில நாள் தோலும் சேர்ந்து போகும். கொடியில் காயும் என் சாரனில் எந்த நாளும் நாலு செதில் மினுங்கும்.

இதுவரைக்கும் பரவாயில்லை. சாய்ந்தமருதுச் சந்தையில் மீன் வெட்டுகிற இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, “எங்களுக்கும் ஒண்டு செஞ்சு தாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மருமகனுக்கு உத்தியோகம் கசக்கிறது. வேலையை விடப் போகிறாராம். மகள்தான் மெல்லச் சொன்னாள்.

நேரே கூப்பிட்டுப் புத்தி சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகனும் அப்படி முகம் பார்த்துக் கதைப்பதில்லை. “சாப்பிட்டீங்களா மருமகன்?” “ஓம் மாமா.” அவ்வளவுதான். அதோடு, எங்கள் வழக்கப்படி வீட்டையும் சீதனமாக மகளுக்கு எழுதியாயிற்று. அவர்கள் முன்பக்கம், நானும் மனைவியும் பின்னறை. பின்னறையில் இருந்துகொண்டு எவ்வளவு சத்தமாகப் புத்தி சொல்ல முடியும்?

ஆகவே படத்தை மகளிடம் கொடுத்தேன். “மருமகன பாக்கச் சொல்லுங்க. முக்கியமான படம்.”

“நீங்களா வாப்பா படம் பாக்கச் சொல்றீங்க?” மகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை பகல் அவர்கள் பார்த்தார்கள். நான் என் தையல் கடைக்குப் போய்விட்டேன். கூரை எரியும்போது மருமகனின் முகம் எப்படி வாடும் என்று நினைத்தபடி ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்து, பிறகு பிரித்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குள் நுழைகிறேன் — கைதட்டல் சத்தம். படத்தில்தான். எரிந்த கூரைக்கு யார் கை தட்டுவது?

மனைவி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். “இஞ்சாருங்க, கடைசில என்ன மாதிரி முன்னுக்கு வந்துட்டான்! எத்தின பெக்டரி!”

இந்த மாதிரிப் படங்களில் பத்து வருஷக் கஷ்டம் ஒரு பாட்டில் முடிந்துவிடுகிறது. அடுப்பு கடைசிவரை பற்றாமலே போனவனைப் பற்றி யார் படம் எடுக்கிறான்?

மருமகன் எழுந்து வந்தார். என் முகத்தை நேரே பார்த்தார்.

“மாமா, ஒங்களுக்கு விருப்பமில்லண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சன். நீங்களே இந்தப் படத்த அனுப்பி, ஓமெண்டு சொன்ன பொறகு என்ன? திங்கக்கிழம வேலைய விடுறண்டு கடிதம் குடுக்கிறன்.”

சும்மா இருந்தால் நல்ல மாமனார் என்ற பெயர். வாயைத் திறந்தால் பென்ஷன் மிஞ்சும். திறந்தேன்.

“மருமகன்... நான் பாதிதான் பாத்த.”

“எதுவரைக்கும் மாமா?”

“பொஞ்சாதி புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உம்மாட ஊட்டுக்குப் போற வரைக்கும்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் எங்க வாப்பா போற? இதுதானே எங்கட உம்மாட ஊடு!”

மருமகன் சிரிக்கவில்லை. “போறதெண்டா நான்தான் போகணும் மாமா. அந்தப் பயத்துலதான் ஒங்கட வாயால ஒரு சொல்லு கேக்கணுமெண்டு இரிந்த.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளவுக்குள் அந்த மெஷினைச் சுழற்றும் ஒவ்வொரு தடவையும் இந்த மனிதன் பின்னறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சுழற்றியிருக்கிறார். இந்த வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன் மட்டும்தான் என்றல்லவா இருந்தேன்!

“நீங்க ஒரு இடத்துக்கும் போகத் தேவல்ல,” என்றேன். “மெஷினச் செய்ங்க. ஆனா விடுறண்டு எழுதாதீங்க. சம்பளமில்லாம ஒரு வருஷம் லீவு எடுக்க ஏலாதா?”

“ஏலும் மாமா. ஒரு வருஷத்துக்குள்ள சரிவரல்லண்டா?”

“வேலைக்குத் திரும்பிப் போங்க. பின்னேரத்துல மெஷினப் பாருங்க. ஆரு தடுக்கிற?”

திங்கட்கிழமை காலை லீவு விண்ணப்பத்தை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் புறப்பட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. காரணம் கேட்ட இடத்தில் மட்டும் ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதியிருந்தார்.

“அதென்ன மருமகன், தனிப்பட்ட காரணம்?”

“நீங்கதான் மாமா.”