முதல் பந்தியில் உட்கார்ந்த ஹார்ட் டிஸ்க்

ஸ்டுடியோ அக்காவின் விரல் டெலிட் விசையின் மேல் நின்ற அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது. திரையில் ஒரு கல்யாணப் படம். மலைமேல் சன்னிதிக்கு வெளியே, மாலை ஒருபக்கம் சரிய, மாப்பிள்ளை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆல்பம் வாங்கிகினு போய் எத்தினி வருசமாச்சு, இனிமே எவன் வந்து கேக்கப்போறான்? எடமில்லடி" என்றார் அக்கா. "அழிக்காதீங்கக்கா! பெரிய டிஸ்க் ஒண்ணு மாட்டிடலாம்" என்று கத்தியேவிட்டேன். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்குக் கீழேயே அவருடைய ஸ்டுடியோ. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சென்னையில் வாங்கி வந்த டிஸ்க் உள்ளங்கைக்குள் அடங்கியது. பழையதைப் போலப் பதினாறு மடங்கு கொள்ளும். அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இத்தினூண்டுல மலைமேல கல்யாணம் கட்டின சனம் மொத்தமும் அடங்கிடுமா?" அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டை வைத்து, "புது சம்பந்தி. முதல் பந்தியிலயே உக்கார வை" என்றார். பழைய கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் வயர்கள் செருகும் இடங்களுக்கு எண் போட்டிருந்தது. நானும் சிரித்துக்கொண்டே பழைய டிஸ்க்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, புதியதை முதல் இடத்தில் செருகினேன்.

அதுவரை இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துவிடும் கம்ப்யூட்டர் அன்று ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டே நாள். காவடி எடுத்து இறங்கி வருபவர்களுக்கு அங்கேயே படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுத் தருவதுதான் அக்காவுக்கு வருடத்தின் பெரிய வேலை. ஊரில் கரண்ட் போகாத நாளில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்பது நிமிடம் என்றால் யார் நிற்பார்கள்? "கிருத்திகைக்குள்ள சரியாவலன்னா இத்த கழட்டிடு. பழைய கல்யாணத்தையெல்லாம் அழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

வயரை மாற்றினேன். தூசி தட்டினேன். இணையத்தில் தேடித் தேடிப் படித்து விண்டோஸ்மேல் பழி போட்டேன். ஒன்பது நிமிடம் ஒன்பது நிமிடமாகவே இருந்தது. "இன்னாடி, உன் சம்பந்தி இன்னும் கைய கழுவிகினே கீறானா?" என்று அக்கா வேறு சீண்டினார்.

மறுநாள் காலை அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலையில் நாற்பது பேரை நிற்கவைத்துப் படம் எடுக்கும்போது, கூட்டம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆளை நகர்த்தினால் எல்லா முகமும் கேமரா பக்கம் திரும்பிவிடும். அதே பார்வையோடு, திறந்திருந்த பெட்டிக்குள் கைவிட்டு ஒரு விரலைப் பழைய டிஸ்க்கின் மேலும் இன்னொன்றைப் புதியதன் மேலும் வைத்தார். என்னை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, ஏழு நிமிடம் விரல்களை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "புதுசுதான்டி முக்கிகினு கீது. பழசு சும்மா சுத்துது, ஒரு அசைவு இல்ல. அத்த யாருமே இன்னும் கூப்பிடலடி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்ப்யூட்டரை எழுப்பும் விண்டோஸ் இருந்தது பழையதில். கம்ப்யூட்டரோ முதல் இடத்தில் இருந்த புதியதிடமே, இல்லாத ஒன்றைக் கேட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஓய்ந்த பிறகே பழையதிடம் வந்தது. பழையதை முதல் இடத்துக்கு மாற்றி, அமைப்புகளிலும் அதையே முதலாவதாக்கி ஆன் செய்தேன். ஒன்றரை நிமிடம். நான் குதித்தேன். அக்கா அந்த மாப்பிள்ளை படத்தைத் திறந்து, புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்தார்.

இன்று சென்னையில் பெரிய பெரிய சர்வர்களோடுதான் எனக்கு வேலை. ஒன்று தாமதமானால் அறிக்கை அறிக்கையாகப் படிக்கிறோம். எதையும் படிக்காமல் அக்கா இரண்டு விரலால் அறிந்துகொண்ட அந்தக் காலையை நினைத்தால் இன்றும் பிரமிப்பு அடங்குவதில்லை.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கே.ஜி.கண்டிகையிலிருந்து அதே மாப்பிள்ளை மகளோடு வந்திருந்தார்; ஆல்பம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டதாம். திரையைப் பார்த்ததும் மகள், "நைனா, நீ கல்யாணத்துலயும் தூங்கிகினு கீறியே!" என்று கைகொட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவின் விசைப்பலகையில் எழுத்துகளெல்லாம் தேய்ந்துவிட்டன. டெலிட் மட்டும் புதிதுபோல இருக்கிறது. பீரோவில் இன்னும் பழைய சிடிக்கள், அடுக்கடுக்காக. வரும் சனிக்கிழமை இன்னொரு டிஸ்க் மாட்டி அவற்றையும் ஏற்றப்போகிறேன். "இத்த எங்க உக்கார வைப்ப?" என்றார் அக்கா. "கடைசிப் பந்திக்கா" என்றேன். இந்த முறை ஆன் செய்ததும் திரையைப் பார்க்கப்போவதில்லை. இரண்டு விரலை உள்ளே வைக்கப்போகிறேன்.