செக்ரோலில் ஏறிய பெரியசாமி

1. பேர் எழுதிய காலை

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போன முதல் நாளே ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டோம். சத்தியமாக, பொய் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

மலையில் எங்கள் ஊர்களைச் சேர்த்து வளப்பூர் நாடு என்பார்கள். அங்கிருந்து மூன்று பேர் நடந்தே வந்திருந்தோம். செல்லாயிக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினைந்து, பொன்னிக்குப் பதின்மூன்று. ஊரில் சாமை அறுப்பு நடந்ததால் அப்பா அம்மா யாரும் கூட வரவில்லை. பெரியவர் துணையில்லாத பெண்பிள்ளைகளுக்கு, ஆட்கள் தங்கும் லைன் வீட்டில் அறை கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். அது எங்களுக்கு எங்கே தெரியும்?

ஆள் பேர் எழுதும் பெரிய நோட்டுக்கு செக்ரோல் என்று பெயர். அதை எழுதும் ரைட்டர் மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரர். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"துணைக்கு யாரு இருக்கறாங்க கண்ணு?"

"பெரியசாமி இருக்கறாருங்க" என்றாள் பொன்னி.

எங்கள் மலையில் துணை யாரென்று கேட்டால் பிள்ளைகள் சாமி பேரைத்தான் சொல்லும். ரைட்டரோ "பெரியசாமி, ஆண் ஒன்று" என்று எழுதி அறையையும் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். செல்லாயி என் தொடையில் கிள்ளினாள், பாவி.

2. எங்கள் ஊடு

அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. ஆசைப்பட்டால் மூன்று நாள் தொடர்ந்து அவரைக்காய்க் குழம்புதான். ஏனென்று கேட்க ஆளில்லை. வாசல் கூட்டுவது யார் முறை என்று தினமும் சண்டை வரும், தீர்த்துவைப்பது செல்லாயி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகுக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றியவளும் அவள்தான்.

3. ஆளைக் காட்டு

காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது ரைட்டர் "பெரியசாமி" என்று கூப்பிடுவார். "வரலீங்க" என்போம். ஆள் சீக்காக்கும் என்று அவரே நினைத்து ஆப்சென்ட் போடுவார். இருபதாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்ன சீக்கு அவனுக்கு? ஆளை நான் பாக்கோணும். நடங்க."

அன்றைக்கே ஊருக்கு விரட்டிவிடுவார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தரம் திரும்பிப் போனால் வீட்டில் மறுபடி அனுப்பவே மாட்டார்கள். செல்லாயி முன்னால் நடந்தாள். லைனுக்குப் பின்னால் மரத்தடியில் நாங்கள் மஞ்சள் பூசி வைத்திருந்த கல்லைக் காட்டினாள்.

"இவருதானுங்க."

ரைட்டர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏம் புள்ளைங்களா, சாமிக்கா நான் இருபது நாளா ஆப்சென்ட் போட்டேன்?"

"ஆமாங்க" என்றாள் பொன்னி, ஒரு கூச்சமும் இல்லாமல்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு செல்லாயியைப் பார்த்தார்.

"அறையைப் பாத்துக்கறது யாரு?"

"நாந்தானுங்க."

"இதுங்க ரெண்டும் அடிச்சுக்கிட்டா?"

"நாந்தானுங்க."

"ஒடம்புக்கு முடியலீன்னா?"

"அதும் நாந்தானுங்க."

சாமி பேரை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. பக்கத்திலேயே "பொறுப்பு: செல்லாயி" என்று எழுதினார். பறிப்பு முடியும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

பின்னால் நானே ரைட்டர் ஆகிப் பல வருஷம் செக்ரோல் எழுதினேன். தனியாக வரும் பெண்பிள்ளைகளிடம் துணை யாரென்று கேட்டதே இல்லை. "உங்கள்ல பொறுப்பு யாரு கண்ணு?" என்றுதான் கேட்பேன். ஒருத்தி முன்னால் வருவாள். அவள் வயதை நான் கேட்பதில்லை.