உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

ரோடு போடும் ஆட்கள் அவரை "ரோலர்" என்றே கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் ரோடு ரோலர் ஓட்டியவர். உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி வந்தபோது தார் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தார். மனைவி மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. வலியில்லாததால் இரண்டு வருடம் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு வாரமாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. முகமும் காலும் வீங்கின. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது தார் இல்லைங்க. தோல்ல வந்த புற்றுநோய்னுதான் படுது. அடிவயித்துக்குப் பரவி, கட்டியா வளர்ந்து, சிறுநீர்க் குழாய் ரெண்டையும் அமுக்குது. வெளியேற வழியில்லாம சிறுநீர் தேங்கி, கிட்னி கெட்டுக்கிட்டிருக்கு."

"ஊருக்கெல்லாம் வழி போட்டேன், எனக்குள்ள அடைச்சுக்கிச்சா?" என்றார் ரோலர்.

மனைவி சிரிக்கவில்லை. "நான் தேய்ச்சதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. அது தானா பரவுறது."

அன்றே சிறுநீர் வெளியே பைகளில் இறங்கும்படி முதுகு வழியாக இரண்டு குழாய்கள் வைத்தார்கள். வீக்கம் வற்றி வீடு திரும்பினார். ஆனால் நோய் நிற்கவில்லை, ஈரலுக்கும் ஏறியது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் சிறுநீர்ப் பைகளைக் காலி செய்தது அவள்தான். நான்காம் மாதம் ஒரு மத்தியானம், பைகளில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அவள் யாரையும் கூப்பிடாமல் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.