அவுரி பங்களாவில் ஒரு மெல்லிய குரல்

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் என் இனத்தவரே, அருங்காட்சியக வழிகாட்டிக்குப் பேசினால்தான் சம்பளம். ஜேடர்பாளையம் போகும் வழியில், அவுரித் தோட்டம் போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவில் எனக்கு அந்த வேலை. முதல் வாரமே மேலாளர் சொல்லிவிட்டார்: "உன்ற குரல் பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கலம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் பேசற பெட்டி வாங்கி வெச்சர்றேன்."

தொட்டி

பங்களாவுக்குப் பின்னால் செங்கல் தொட்டிகள் உண்டு. அவுரிச் செடியை அவற்றில் ஊறவைப்பார்கள். கூலியாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று துழாவத் துழாவ நீலச் சாயம் இறங்கும். இதை நான் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "அப்ப நின்னவிய காலெல்லாம் என்ன கலருல இருந்திருக்கும், சாமி?" என்றார்.

துரையின் தொப்பி அளவுகூடச் சுவரில் மாட்டிய விவரப் பலகையில் இருக்கிறது, இது இல்லை. "தெரியாதுங்க" என்றேன். அவர் சிரித்தார்.

"தெரியாதுங்கறத மட்டும் நல்லாக் கணீர்னு சொல்றியே."

பெண் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் தனித்தனிக் காரில் வந்தன. பட்டுச்சேலை, மல்லிகை. ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரியே என் பின்னால் நடந்தார்கள். நம் பக்கத்தில் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது இப்படித்தான். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் கலைந்துவிடலாம். பங்களாவுக்கும் அந்த யோகம் வந்துவிட்டது போல.

துரையின் கட்டிலை யாரும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பையனைத்தான் பார்த்தார்கள். நான் சுருக்கமாக முடித்து அடுத்த அறைக்குத் திரும்பும்போது, தலை நிமிராமலே நின்ற பெண் என் துப்பட்டாவை இழுத்தாள். கட்டிலின் மரம், கொசுவலை, கூரையில் தொங்கிய பங்கா விசிறியைக் கயிறு கட்டி இழுத்த ஆள் என்று அன்றைக்கு நான் சுவர் எதிரொலிக்கப் பேசியதற்கு, அவள் என் காதில் சொன்னதே காரணம்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் இழுங்க. நான் இன்னும் சரியாப் பாக்கல."

பெட்டி

மாசக் கடைசியில் பெட்டி வந்தேவிட்டது. தொட்டியருகே அதை வைத்து மேலாளர் பொத்தானை அமுக்கினார். தெளிவான ஆண் குரல்.

அன்று பார்த்துக் கோழிப்பண்ணைக்காரர் பேரப்பிள்ளைகளோடு மறுபடி வந்திருந்தார். பெட்டியிடம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். அது துரையின் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது. மறுபடியும் கேட்டார். குதிரைதான். அவர் மேலாளரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இது தெரியாதுன்னுகூடச் சொல்ல மாட்டேங்குதே. அந்தப் புள்ளையவே கூப்புடுங்க."

இப்போது தொட்டிக் கதையை அவருடைய கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். பெட்டியோ என் மேசைக்கடியில் துணி போர்த்திக் கிடக்கிறது, பங்களாவிலேயே என்னைவிடக் கூச்சப்படும் ஒரே ஆளாக.