ரெண்டு பைட் மிச்சம், ஒரு பாத்தி உப்பு காலி

இன்று காலை மரக்காணம் உப்பளத்தில் நின்று, அடுத்தவன் வேலைக்கு நான் திட்டு வாங்கினேன்.

பாத்திக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பத்து மணி நேரத்தில் நிறுத்த, எங்கள் கம்பெனி டைமர் செய்து கொடுத்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் போட்ட மோட்டார் விடிந்தும் நிற்கவில்லை. தண்ணீர் வரப்பைத் தாண்டி, பக்கத்துப் பாத்தியில் வாரத் தயாராக இருந்த உப்பையெல்லாம் கரைத்துவிட்டது.

"ஏம்பா, உங்க மெஷினுக்கு மணி பாக்கத் தெரியாதா?" என்றார் உப்பளக்காரர்.

ஆபீசில் என்னோடு டைமருக்குப் புரோகிராம் எழுதும் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"நொடிய எண்ண நீ 'லாங்' வச்சிருந்த இல்ல, அத 'இன்ட்'டா மாத்திட்டேன். மெமரில ரெண்டு பைட் மிச்சம். என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?"

ஓடும்டா! லாங், இன்ட் எல்லாம் எண்ணைப் போட்டு வைக்கும் டப்பாக்கள். கம்ப்யூட்டரில் இன்ட் பெரிய டப்பா. டைமரின் குட்டி சிப்பில் அதே இன்ட் பாதி டப்பா. ஒன்பது மணி நேரம் தாண்டியதும் நிரம்பி, எண்ணிக்கை மைனஸுக்குப் போய்விடும். அந்தக் கடிகாரத்தில் பத்து மணி நேரம் என்றைக்குமே ஆகாது.

"அந்த ரெண்டு பைட்ட எடுத்துக்கினு கெளம்பி வாடா. உப்பளக்காரர் பாக்கணுமாம்" என்றேன். போனை வைத்துவிட்டான்.

உங்கள் ஆபீசிலும் இப்படியொரு சிக்கனக்காரர் இருந்தால் இங்கே அனுப்பி வையுங்கள். நிற்க வைக்கப் பாத்தி காலியாகத்தான் இருக்கிறது.