மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

அன்று மைக்ரோமீட்டரை ஐந்து தடவை வைத்து அளந்தேன். முதல் தடவையே அளவு தெளிவாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், கேம் ஷாப்டைத் துடைத்தேன், மறுபடியும் அளந்தேன். ஐந்தாம் தடவை அளந்தால் தேய்ந்த இரும்பு வளர்ந்துவிடுமா என்ன? எனக்கு வேறு பதில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருபத்தாறு வருடமாக லாரி இன்ஜின் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் முழு இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால் முந்தின நாளே முதுகு வலிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கேம் ஷாப்ட் இருந்த லாரியை வேறொரு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். அதன் சொந்தக்காரன் தானே வண்டியை ஓட்டுகிறவன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குவான், ஏறும்போது சிமெண்டோ உரமோ கொண்டுபோவான். பன்னிரண்டு வருடமாக என்னைத் தவிர வேறு யாரையும் அந்த இன்ஜினில் கை வைக்க விட்டதில்லை.

சிமெண்ட் மூட்டைகளோடு மலை ஏறும்போது ஒரு வளைவில் இன்ஜின் இழுக்காமல் நின்றிருக்கிறது. பிரேக் பிடித்தும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்திருக்கிறது. கிளீனர் வராததால் அன்று அவன் மனைவிதான் கூடப் போயிருந்தாள். குதித்து இறங்கி, பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

“வூட்டுக்காரி மட்டும் இல்லன்னா இன்னிக்கு இங்க டீ குடிச்சிகினு இருப்பேனாண்ணே?” என்று சிரித்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். “எல்லாம் என் தப்புதான். ஆயில் மாத்தாம ஓட்டிகினே இருந்துட்டேன்.”

ஆயில் மாற்றுவதை அவன் தள்ளிப்போட்டது உண்மைதான். கேம் ஷாப்ட் என்பது சுழன்றபடியே தன் மேடுகளால் வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டு. அதில் மூன்றாவது சிலிண்டரின் மேடு மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்து, உச்சி தட்டையாகிக் குழி விழுந்திருந்தது. நகத்தால் இழுத்தாலே மாட்டியது. தண்டு உட்காரும் புஷ்ஷிலும் ஆட்டம் இருந்தது. இதெல்லாம் ஆயிலால் வந்திருக்கலாம். ஆனால் அதே சிலிண்டரின் வால்வு ஓரம் கருகியிருந்ததே, அது என் கைவேலை.

நாலு மாதத்துக்கு முன்னால் வால்வுகள் தட்டுகிற டாப்பெட் சத்தம் என்று இதே வண்டியைக் கொண்டு வந்தான். மலையில் லோடு ஏற்றுகிற இடத்தில் இன்ஜின் டக்டக்கென்று அடித்தால் கிழங்கு வைத்திருப்பவர்கள் வேறு வண்டியைப் பார்ப்பார்கள். வழியில் நின்றுவிட்டால் கிழங்கு கெட்டுப்போகும் என்ற பயம். அதனால் இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு இன்ஜின் சத்தம் மானப் பிரச்சினை. சரியான கனமுள்ள அளவுத் தகட்டை நடுவில் விட்டு வால்வு இடைவெளியை வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் அடங்கியது, மூன்றாவது மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இடைவெளி சரியாக இருந்தும் அடித்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி, முன் மூடியைக் கழற்றி, தண்டை உருவி... நினைத்தாலே அலுப்பாக இருந்தது. மெல்லிய தகடாக ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்துவிட்டேன். சத்தம் நின்றது. “கைராசிண்ணே உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இடைவெளி குறைந்தால் இன்ஜின் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு கருகும். இது தெரியாதவனா நான்?

சொல்லாமலும் விட்டிருக்கலாம். பழியை அவனே தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். புதுத் தண்டும் புஷ்ஷும் போட்டு அனுப்பினால் மறுபடியும் கைராசி என்றுதான் சொல்வான். அந்தக் கல்லைத் தூக்கி வைத்த பெண் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் தோல் வழன்று மஞ்சள் பூசியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

“ஆயில் மட்டும் இல்லபா. அன்னிக்கு நான்தான் வால்வு கேப்பைக் கம்மி பண்ணி சத்தத்த அடக்கி உட்டேன். உள்ள தேயுதுன்னு தெரியும். பிரிக்கச் சோம்பேறித்தனம்” என்றேன்.

அவன் கருகிய வால்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“சத்தம் வந்துகினே இருந்திருந்தா நானே வண்டிய மலை ஏத்தி இருக்க மாட்டேண்ணே” என்றான்.

வேலையை முடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு இடைவெளியையும் இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு முறை பார்த்து வைத்தேன். அவன் மனைவி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு பட்டறைக்கு வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் கிழங்கு ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில்தான் போகிறான். முன்பெல்லாம் இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இப்போது அது இல்லை. ஆனால் வண்டி நெருங்கும்போது நான் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன். மூன்றாவது சிலிண்டரைக் கேட்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.